மூடை வாங்கினால் கட்டுப்படியாகுமா?

கனடாவில் சொந்தக்காரர் இருக்கும் கொழும்பு வீட்டுக்கு கொஸ்ட்கோ என்ற மொத்தக் கடையின் பெயர் புதிதல்ல. வீடியோ அழைப்பில் தங்கள் சாமான் அறையைச் சுற்றிக் காட்டுவார்கள். "இஞ்ச எல்லாம் மொத்தமாத்தான் வாங்குறது, அங்க அப்பிடி ஒரு இடம் இல்லையோ?" என்றும் கேட்பார்கள். இல்லை. ஆண்டுச் சந்தா கட்டி அங்கத்தவராகி, கிடங்கு விலைக்கு வாங்கும் கடை இலங்கையில் கிடையாது. ஆனால் அந்தச் சந்தா கட்டுப்படியாகுமா என்று அவர்கள் போடும் கணக்கு, கொழும்பின் மொத்தக் கடைத்தெருவான புறக்கோட்டைக்கு மூடை வாங்கப் புறப்படும் நமக்கும் பொருந்தும். நாம் அந்தச் சந்தாவை ஓட்டோவிலும் மூடை சுமக்கும் நாட்டாமியின் கூலியிலும் வண்டு பிடித்த அரிசியிலும் கட்டுகிறோம்.

முதலில் அவர்கள் கணக்கு. 2024 செப்டெம்பர் 1 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கொஸ்ட்கோவின் சாதாரண அங்கத்துவம் ஆண்டுக்கு 65 டொலர் (அந்தந்த நாட்டு டொலர்), எக்சிகியூட்டிவ் அங்கத்துவம் 130. இரண்டாவதில், வாங்கும் தொகையில் 2 சதவீதம் ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும். அதன் உச்சம் 1,250 டொலர், பெற்றோலுக்குக் கிடையாது. கூடுதலாகக் கட்டும் 65 டொலரை அந்த 2 சதவீதத்தால் மீட்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 3,250 டொலருக்கு வாங்க வேண்டும், அதாவது மாதம் ஏறக்குறைய 271. அதற்குக் கீழே வாங்கும் வீட்டுக்குச் சாதாரண அட்டை போதும். அதன் 65 டொலரை மீட்பது சுலபம். வழக்கமாக வாங்கும் சாமானில் 10 சதவீதம் மிஞ்சினால், ஆண்டுக்கு 650 டொலருக்கு வாங்கினாலே சந்தா வந்துவிடும். "வழக்கமாக" என்ற சொல்லை மட்டும் மறக்கக் கூடாது. அங்கே போனதால் கண்ணில் பட்டு வாங்கிய தோட்டக் கதிரையில் 30 சதவீதம் கழிவு இருந்தாலும் அது செலவுதான்.

அங்கே புதிதாகக் குடியேறுபவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒரே விலாசத்தில் இருக்கும் வயதுவந்த இன்னொருவருக்கு இரண்டாவது அட்டை இலவசம். பிடிக்கவில்லை என்றால் சந்தாவை முழுதாகத் திருப்பித் தருவதாக நிறுவனமே உறுதி சொல்கிறது. ஆகவே ஓர் ஆண்டு எடுத்துப் பார்ப்பதில் பயமில்லை.

அந்த வியாபாரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிராண்ட் சாமானில் 14 சதவீதத்துக்கும், தங்கள் சொந்தப் பெயரான கேர்க்லண்ட் சாமானில் 15 சதவீதத்துக்கும் மேல் விலையில் ஏற்றுவதில்லை என்பது கொஸ்ட்கோவின் பழைய விதி. லாபத்தில் பெரும்பங்கு சந்தாவிலிருந்து வருகிறது. புறக்கோட்டையில் யாரும் நம்மிடம் சந்தா கேட்பதில்லை. அங்கே லாபம் முழுவதும் விலைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ஒரே தெருவில் ஒரே பருப்புக்கு மூன்று விலை, அதிலும் அரைக் கிலோவுக்கு ஒன்று, ஐந்து கிலோவுக்கு ஒன்று, மூடைக்கு ஒன்று. அங்கே விலை விசாரிப்பதும் நம் வேலையில் சேர்த்தி.

(அங்கத்தவராகிக் கடையில் வாங்குவது எங்களுக்கும் பழக்கமானதுதான். 1957இலிருந்து வந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களில் பங்குப்பணம் கட்டி அங்கத்தவரானவர்கள் எத்தனையோ பேர். சங்கக்கடை என்றால் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

சுமக்கும் கிலோவுக்கு என்ன மிச்சம்

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு எட்டு, ஒன்பது கிலோமீற்றர். போவதற்கு 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ் போதும். மூடையோடு திரும்புவதற்கு ஓட்டோதான். ஓட்டோவுக்கும், கடையிலிருந்து ஓட்டோ நிற்கும் இடம்வரை சுமக்கும் நாட்டாமிக்கும் சேர்த்து 1,200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கு காட்டுவதற்கான தொகை. உங்கள் இடத்துக்கான தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த 1,200தான் ஒரு பயணத்தின் சந்தா.

பத்து சதவீதம் மிஞ்சினால் 12,000 ரூபாவுக்கு வாங்கினால் சரி என்று மேலே சொன்ன முறையில் கணக்குப் போடலாம். ஆனால் காரில் போய் டிக்கியில் ஏற்றிவரும் ஊருக்குத்தான் சதவீதக் கணக்கு பொருந்தும். கொழும்பில் பார்க்க வேண்டியது, சுமக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை ரூபா மிஞ்சுகிறது என்பதை.

அரிசியை எடுத்துப் பாருங்கள். மொத்தமாக வாங்க நினைக்கும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அரிசி மூடை. 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்த கட்டுப்பாட்டு விலையில் நாட்டரிசி கிலோ மொத்த விலை 225 ரூபா, சில்லறை விலை 230. சம்பா 235, 240. வித்தியாசம் ஐந்தே ரூபா. 25 கிலோ மூடையில் மிஞ்சுவது 125 ரூபா. 1,200 ரூபா போக்குவரத்தை மீட்க 240 கிலோ அரிசியோடு ஓட்டோவில் ஏற வேண்டும். மாதம் 25 முதல் 30 கிலோ சமைக்கும் நான்கு பேர் வீட்டுக்கு அது எட்டு, ஒன்பது மாத அரிசி. விலைகள் அதன்பின் ஏறலாம், இறங்கலாம். ஆனால் அரிசியில் மொத்தத்துக்கும் சில்லறைக்கும் இடையே இடம் குறைவு என்பது மாறுவதில்லை. அரிசி மூடை தேவையென்றால் உங்கள் தெருவில் இருக்கும் கடையில் சொல்லி வைத்து 25 கிலோ மூடையாக வீட்டுக்கே கொண்டுவரச் செய்யுங்கள். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபா கூடினாலும் புறக்கோட்டைப் பயணத்தைவிட மலிவு.

சீனியும் கோதுமை மாவும் இதே சாதிதான்: பாரம் கூட, கிலோவுக்கு மிச்சம் குறைவு.

மறுபக்கம் சரக்குச் சாமான்கள். சுப்பர் மார்க்கெட்டில் சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம், பெருஞ்சீரகம் எல்லாம் 50, 100 கிராம் பக்கெட்டில் தொங்கும். பக்கெட்டின் விலை சிறியதாகத் தெரியும். 100 கிராம் பக்கெட்டின் விலையைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், பிறகு நான்காம் குறுக்குத் தெருவில் கிலோ விலை கேளுங்கள். அரிசியில் ஐந்து ரூபாவாக இருந்த வித்தியாசம் இங்கே நூற்றுக்கணக்கில் போகும். பக்கெட்டில் நாம் அதிகமாகக் காசு கொடுப்பது பொதி கட்டியதற்கும் இறாக்கையில் இடம் பிடித்ததற்கும். செத்தல் மிளகாய், மல்லி, நெத்தலிக் கருவாடு, கடலை, கச்சான், மைசூர்ப் பருப்பு ஆகியவை இதற்கு அடுத்த படியில் வரும்.

ஒரு பயணத்துக்கு இப்படி ஒரு பட்டியல் நன்றாக வேலை செய்யும்: பருப்பு 5 கிலோ, செத்தல் 2, மல்லி 2, நெத்தலி 2, கடலை 1, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு அரை அரைக் கிலோ, கடுகும் வெந்தயமும் கால் கால் கிலோ. மொத்தம் 14 கிலோ. உறுதியான இரண்டு பைகளில் அடங்கும். இதற்கு நாட்டாமியும் வேண்டாம், ஓட்டோவும் வேண்டாம். கோட்டை நிலையத்துக்கு நடந்து, நெரிசல் தொடங்கும் முன் கரையோர ரயிலில் ஏறிவிட்டால் சந்தா வெறும் ரயில் ரிக்கெட்டாகச் சுருங்கிவிடும். கிலோவுக்குச் சராசரி 100 ரூபா மிஞ்சினாலே 1,400 ரூபா கையில். இருபத்தைந்து கிலோ அரிசியைத் தூக்கி 125 ரூபா மிச்சம் பிடிப்பதோடு இதை ஒப்பிடுங்கள்.

சுப்பர் மார்க்கெட் விலையையும் நேர்மையாகப் பாருங்கள். கீல்ஸ், கார்கில்ஸ், ஆர்ப்பிக்கோ எல்லாவற்றிலும் வாடிக்கையாளர் புள்ளித் திட்டம் உண்டு, அதற்குச் சந்தா கிடையாது. சில வங்கி அட்டைகளுக்கு வாரத்தில் சில நாட்களில் காய்கறி, பழம், மீனுக்கு நல்ல கழிவு கிடைக்கும். அந்தக் கழிவுக்குப் பெரும்பாலும் ஓர் உச்சத்தொகை இருக்கும். அதைத் தாண்டி வாங்கியதற்குக் கழிவு கிடையாது என்பதை விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். டெலிவரி அப்களின் மாதச் சந்தா வேறு விதம். அதில் மிஞ்சுவது டெலிவரிக் கட்டணம் மட்டும். மாதத்தில் எத்தனை முறை அழைக்கிறீர்கள் என்று எண்ணி, ஒரு முறைக் கட்டணத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். அப்பில் காட்டும் சாமான் விலையும் கடையில் ஒட்டியிருக்கும் விலையும் ஒன்றுதானா என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

நான்காம் குறுக்குத் தெருவில்

ஞாயிறும் போயாவும் பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டு. தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, நத்தாருக்கு முந்திய இரண்டு வாரங்களில் விலையும் கூட, நெரிசலும் கூட. சாதாரண வாரநாள் முற்பகல் நல்லது.

எல்லாக் கடையிலும் கிலோக் கணக்கில் கிடைக்காது. உள்ளே கூரைவரை மூடை அடுக்கி, முன்னால் மேசையும் தொலைபேசியும் மட்டும் இருந்தால் அது மூடைக் கடை. வாயிலில் சாக்குகளைத் திறந்து சுருட்டி வைத்திருந்தால் சில்லறையும் உண்டு. முதலில் "என்ன விலை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு ஒரு கிலோ விலைதான் பதில். "அண்ணன், அஞ்சு கிலோ எடுத்தா என்ன விலை போடுவீங்க?" என்று கேளுங்கள். முஸ்லிம் கடையென்றால் "நானா". வயதானவரென்றால் "முதலாளி" என்று கூப்பிட்டால் போதும். தமிழில் பேசத் தயங்கத் தேவையில்லாத தெரு அது. மூன்று கடையில் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுங்கள். ஐந்தாறு சாமான் சேர்ந்தால் கடைசியில் மொத்தத் தொகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்ல இடம் கிடைக்கும்.

மேலே தெரிவதைப் பார்த்து வாங்காதீர்கள். மூடை வாங்கும் வியாபாரிகள் குத்தூசியைச் சாக்கின் பக்கவாட்டில் குத்தி, குழல் வழியே வழியும் மணியை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார்கள். நமக்கும் அதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். திறந்த சாக்கென்றால் முழங்கைவரை கையை விட்டு நடுவிலிருந்து அள்ளுங்கள். உள்ளே வெளியைவிடச் சூடாகவோ ஈரக்குளிராகவோ இருந்தால் வேண்டாம். அரிசி மணியைப் பல்லில் கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் கூட, வீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். கையை உதறினால் விரல்களில் வெள்ளைத் தூள் படிகிறதா பாருங்கள். அரிசியிலும் பருப்பிலும் மாப்போன்ற தூள் நிறைய இருந்தால் பூச்சி ஏற்கெனவே வேலை செய்திருக்கலாம். செத்தலை வளைத்தால் முறிய வேண்டும். தோல்போல மடிந்தால் ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

மூடையாக எடுத்தால் வாய்த் தையலைப் பாருங்கள். ஆலையில் மெஷினால் தைத்த சங்கிலித் தையல் நேராக, ஒரே இடைவெளியில் ஓடும். கோணி ஊசியால் கையால் தைத்திருந்தால் அது ஒருமுறை திறக்கப்பட்ட மூடை. மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். பொலிப்புரொப்பிலீன் பையின் எடை பொருட்டில்லை. மிளகாயும் மல்லியும் வரும் சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். "சாக்கோடயா, சாக்கு கழிச்சா?" என்று விலை பேசும்போதே கேளுங்கள், நிறுத்தபின் கேட்டால் வாக்குவாதம்தான். தராசில் பையை வைக்கும் முன் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்பது யாருக்கும் அவமரியாதை அல்ல.

நாட்டாமி கூலியைச் சாமான் தலையில் ஏறும் முன்பே பேசுங்கள். எந்த இடம்வரை என்பதையும் சொல்லுங்கள். லொறிகள் நிற்கும் ஒடுக்கமான தெருவில் ஓட்டோ உள்ளே வராது. சந்திவரை நடக்க வேண்டியிருக்கும், அவர் நம்மைவிட வேகமாக நடப்பார். அவரைக் கண்ணிலிருந்து விடாமல் பின்னால் போக ஒருவர், ஓட்டோ பிடிக்க ஒருவர் என்று இரண்டு பேர் போனால் வசதி.

பொதி செய்த சாமானில் உச்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் குற்றம். முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அந்த முறைப்பாட்டுக்குப் பில் வேண்டும். கையால் எழுதிய துண்டென்றாலும் கடைப் பெயர் அச்சடித்த துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

மிச்சம் பிடித்த காசு பறிபோவது பெரும்பாலும் கடையில் அல்ல, வீட்டில். கொழும்பின் ஈரப்பதன் ஆண்டு முழுவதும் அதிகம், வெப்பமும் குறைவதில்லை. வண்டுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

அரிசி வண்டின் பெண் பூச்சி மணியில் துளையிட்டு உள்ளே முட்டை வைத்து, துளையை மூடிவிடும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. முப்பது பாகை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் புது வண்டு வெளியே வரும். வாங்கும்போது சுத்தமாக இருந்த மூடையில் ஐந்தாம் வாரம் "திடீரென்று" வண்டு வந்ததன் காரணம் இதுதான். அது நம் வீட்டில் ஏறியதல்ல, மூடையோடு வந்தது. ஆகவே ஒரு மாதத்துக்குள் முடிக்கும் அளவு அரிசிக்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை, அதற்கு மேல் வைத்திருப்பதற்குத் தேவை.

வேப்பிலையும் செத்தலும் போடுவது வளர்ந்த வண்டைக் கொஞ்சம் விரட்டலாம், மணிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. வெயிலில் பரப்பினாலும் ஓடுவது வெளியே இருப்பவைதான். கடும் வெயிலில் அரிசி வெடித்துக் குறுணியாவதும் உண்டு. உண்மையில் வேலை செய்வது குளிர். நாலைந்து கிலோ வீதம் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகையில் நான்கு நாள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வரும்வரை கட்டிய படியே இருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த அரிசியில் காற்றின் ஈரம் வியர்த்து, வண்டுக்குப் பதிலாகப் பூஞ்சணம் வரும். பிறகு இறுக்கமாக மூடும் வாளியில் போடலாம். சாக்கிலேயே வைக்கக் கூடாது. சிமெந்துத் தரையில் நேரே வைக்கவே கூடாது, தரை ஈரம் ஏறும். பலகையோ கல்லோ கீழே வேண்டும்.

வாளிக் கணக்கு: அரிசியோ பருப்போ லீற்றருக்கு 800 கிராம் அளவில் பிடிக்கும். 20 லீற்றர் வாளியில் 16 கிலோ. 25 கிலோ மூடைக்கு அப்படி இரண்டு வாளி வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃப்ளாட் குசினியில் அந்த இரண்டு வாளிக்கு இடம் இருக்கிறதா என்பதை மூடை வாங்கும் முன் பாருங்கள். வாளி புதிதாக வாங்குவதென்றால் அந்த விலையும் சந்தாவில் சேரும்.

எல்லாத் தானியமும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. புழுங்கல் அரிசியின் மணி இறுகியது, வண்டு அவ்வளவு வேகமாகப் பெருகாது. தீட்டாத சிவப்புப் பச்சையரிசியில் தவிட்டெண்ணெய் இருப்பதால் காறல் மணம் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குரக்கன் மாவும் அப்படியே. பருப்பு வகையில் ஒரு நல்ல செய்தி: பயறு, கௌப்பி, கடலையைத் துளைக்கும் பயறு வண்டு முழு மணியில் முட்டையிடுவது, உடைத்த மைசூர்ப் பருப்பை அது பெரிதாகச் சீண்டாது. ஐந்து கிலோ பருப்பு மூன்று மாதம் சும்மா இருக்கும். ஐந்து கிலோ கௌப்பியை அப்படி வைத்தால் டப்பாவுக்குள் நடமாட்டம் கேட்கும். கௌப்பியும் பயறும் ஃப்ரீசர் வழியாகத்தான் அலமாரிக்குப் போக வேண்டும்.

செத்தலும் மல்லியும் வாங்கி மில்லில் அரைப்பிக்கும் வீடுகளுக்குத்தான் புறக்கோட்டையால் அதிக லாபம். காம்பு கிள்ளி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, வறுத்து, முழுதாக ஆறியபின் மில்லுக்குக் கொண்டுபோங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டிபிடிக்கும். காம்பு, ஈரம், மில்லில் ஒட்டும் தூள் என்று நிறை குறையும். கணக்குப் போடும்போது வாங்கிய நிறையை அல்ல, கைக்கு வந்த தூளின் நிறையைக் கொண்டு பிரியுங்கள், அரைப்புக் கூலியையும் கூட்டுங்கள். அப்படிப் போட்டாலும் பக்கெட் தூளைவிடப் பெரும்பாலும் மலிவாகவே வரும். மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் போனால் நிறமும் மணமும் இறங்கும். பூஞ்சணம் பட்ட செத்தலையும் கச்சானையும் "துடைத்துவிட்டு" பாவிக்காதீர்கள். அதில் உருவாகும் அஃபிளடொக்சின் வறுத்தாலும் போகாது.

மற்றவற்றை மொத்தமாக வாங்கலாமா?

பால்மா: அச்சிட்ட விலைச் சாமான், கிலோவுக்கு மிச்சம் சில்லறைதான். திறந்த பக்கெட் இந்த ஈரத்தில் வேகமாகக் கட்டிபிடிக்கும். பெட்டியாக எடுக்க நினைத்தால் முடிவுத் திகதியைப் பாருங்கள். பெட்டிக்கு நல்ல கழிவு கிடைத்தால் காரணம் பெரும்பாலும் அந்தத் திகதியில் இருக்கும்.

குழந்தையின் நாப்கின் ஒரே அளவில் இரண்டு பெரிய பொதிக்கு மேல் வேண்டாம். பிள்ளை பொதி முடியும்வரை காத்திருக்காது. சவர்க்காரம், சலவைத் தூள், பாத்திரம் கழுவும் திரவம் இவற்றை டசன் விலைக்கு எடுக்கலாம், கெடுவதில்லை. காய்கறியை மறந்துவிடுங்கள். காய்கறி மொத்தமாக விற்கும் மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனபின் ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் போவது எந்தக் கணக்கிலும் வராது. பம்பாய் வெங்காயம் பத்துக் கிலோ மட்டும் விதிவிலக்கு, அதுவும் காற்றோட்டமாகப் பரப்பி வைக்க இடம் இருந்தால், உருளைக்கிழங்கைப் பக்கத்தில் வைக்காமல்.

காசின் விலை

2022இல் மூடை வாங்கி வைத்தவர்கள் வென்றார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அப்போது ஏற்பட்ட பழக்கம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. ஆனால் சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2023 செப்டெம்பரில், உணவு விலைகள் முந்திய ஆண்டைவிடக் குறைந்திருந்தன. விலை இறங்கும் காலத்தில் நான்கு மாதச் சாமானை வாங்கி அடுக்கியவர் நட்டப்பட்டார். இறக்குமதிப் பருப்பின் விலை டொலரோடும் வரியோடும் ஆடும். அது ஏறுமா இறங்குமா என்று ஊகிப்பது வியாபாரியின் தொழில், வீட்டுக்கு வேண்டாத சூது. இரண்டு, மூன்று மாதத் தேவையோடு நிறுத்துங்கள்.

கிரெடிட் கார்டில் மூடை வாங்கி, நிலுவையை முழுதாகக் கட்டாமல் விட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. இங்கே கார்ட் வட்டி மாதத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் போகும். நான்கு மாதம் இழுத்தால் எட்டு சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். அரிசியில் நாம் பிடித்த மிச்சம் இரண்டு சதவீதம்தான்.

பங்கு பிரிப்பது

ஒரே ஃப்ளாட்டில் மூன்று வீடுகள் சேர்ந்தால் கணக்கு தலைகீழாக மாறும். 50 கிலோ சீனி மூடை ஒரு வீட்டுக்கு ஓராண்டுச் சுமை, மூன்று வீட்டுக்கு நாலு மாதம். ஓட்டோவின் 1,200 ஆளுக்கு 400 ஆகிறது. அப்போது பாரமான சாமானும் கட்டுப்படியாகத் தொடங்கும்.

சண்டை வராமல் செய்ய வழி உண்டு. செலவை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிக்காமல் கிலோவுக்குப் பிரியுங்கள்: சாமான் விலை, ஓட்டோ, நாட்டாமி எல்லாவற்றையும் கூட்டி மொத்தக் கிலோவால் வகுத்தால் இறங்கு விலை வரும். பத்துக் கிலோ எடுப்பவரும் இருபது எடுப்பவரும் அதே விலைதான் கொடுப்பார்கள். புறக்கோட்டை போய்வந்தவர் அரைநாள் கொடுத்திருக்கிறார். அவருடைய போக்குவரத்துப் பங்கை மற்றவர்கள் ஏற்பது நியாயம். காசு முன்கூட்டியே சேர வேண்டும், பில்லின் படம் எல்லோருக்கும் போக வேண்டும்.

பிரிக்கும்போது மூடையின் மேல் பாதியை ஒருவருக்கும் அடிப்பாதியை இன்னொருவருக்கும் கொட்டாதீர்கள். உடைசலும் தூளும் அடியில்தான் சேரும். இரண்டு கிலோ வீதம் சுற்று முறையில் ஒவ்வொரு வாளிக்கும் போட்டு வந்தால் அடி மூடை எல்லோருக்கும் ஒரே அளவில் போகும். சமையலறைத் தராசு ஐந்து கிலோவரைதான் காட்டும் என்பதால் இந்தச் சின்னச் சுற்றுகள் அதற்கும் தோது. மழை நாளில் சீனி மூடையைத் திறக்க வேண்டாம். சிந்தலும் சாக்கில் ஒட்டுவதும் போக, 50 கிலோவில் அரைக் கிலோ வரை குறையலாம் என்று முதலே சொல்லிவைத்து, குறைவைக் கடைசிச் சுற்றில் சமமாகக் கழித்துவிடுங்கள்.

தேங்காயெண்ணெயை மட்டும் பங்குக்கு எடுக்காதீர்கள். பெரிய கானில் திறந்து ஊற்றும்போது போத்தலில் ஒரு துளி தண்ணீர் இருந்தாலும் காறல் பிடிக்கும். பாமெண்ணெய் கலந்திருந்தால் வீட்டில் கண்டுபிடிப்பதும் கஷ்டம், குளிர்சாதனப் பெட்டியில் உறைகிறதா என்று பார்ப்பதை நம்பி முடிவெடுக்க முடியாது. முத்திரை உடையாத போத்தலாக, ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்கட்டும்.